தாரின் விளிம்பும் வாசல் மேடும்

நெடுஞ்சாலையின் தார்ப்பரப்புக்கு இருபுறமும் மண்ணாலோ கிராவலாலோ அமைக்கப்படும் பக்கப்பகுதியைப் பொறியியல் நூல்கள் தோள்பட்டை என்றும், சாலையில் வேலை செய்வோர் பெர்ம் என்றும் வழங்குவர்; பழுதான வண்டி ஒதுங்கவும், நடப்பவர் நடக்கவும், மழைநீர் தாரில் தங்காமல் ஓர வடிகாலுக்கு இறங்கவும், தாரின் விளிம்பு உடையாமல் பக்கத் தாங்கலாக நிற்கவும் ஏற்பட்ட இடம் அது. தமிழ்நாட்டின் மாநில நெடுஞ்சாலைகளில் இதைப் பேணும் பொறுப்பு நெடுஞ்சாலைத் துறையினுடையது. ஆனால் சாலையோர வீட்டு வாசலும் கடை முகப்பும் இதே பகுதியைக் கடந்துதான் சாலையை அடைகின்றன என்பதால், தன் வசதிக்காகப் பொது இடத்தை மாற்றியமைப்பவர் யாருக்குக் கடன்பட்டவர் என்னும் கேள்வி சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை.

வீட்டுக்காரர் செய்வது பார்வைக்குச் சிறியது. வண்டி ஏறுவதற்காக வடிகாலை மண்ணும் ஜல்லியும் கொட்டி மூடி, சிமென்ட் சாய்தளத்தைத் தாரின் விளிம்பு வரை நீட்டுகிறார். அடியில் குழாய் பதிக்கும் செலவை மட்டும் தவிர்த்துவிடுகிறார். வடிய வழியற்ற நீர் தாருக்கு அடியிலுள்ள ஜல்லி அடுக்கில் புகுந்து விளிம்பைத் தளர்த்துகிறது, பக்கத்து மண்ணை அரித்துப் பள்ளமாக்குகிறது. எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட்டு ஒதுங்கும் இருசக்கர வண்டி அப்பள்ளத்தில் இறங்கி, மீண்டும் ஏற முயலும்போது சக்கரம் விளிம்பில் உரசிச் சரிகிறது. சுங்கச் சாலை ஒப்பந்தங்களில் தாருக்கும் பக்கத்து மண்ணுக்கும் இடையிலான இவ்விறக்கம் 40 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சீரமைக்க வேண்டிய குறையாகக் கொள்ளப்படுவது, ஆபத்து எவ்வளவு சிறிய அளவிலேயே தொடங்குகிறது என்பதைக் காட்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அனைவரும் விளிம்பால் இறந்தவர்கள் அல்லர் என்றாலும், சாலையின் ஓரமே தமக்குரிய இடம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்களும் நடப்பவர்களுமே.

எனினும் வீட்டுக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அடுக்கின்மேல் அடுக்காகப் போட்டதால் சாலை உயர்ந்து, வீடுகள் தாழ்ந்து, மழைநீர் வாசலுக்குள் வந்த ஊர்கள் பல. பழைய அடுக்கை அகற்றிய பின்னரே புதிய சாலை போடவேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்த நேர்ந்ததே இத்தவற்றின் பரப்பைக் காட்டுகிறது. இந்நிலையில் வாசலில் மேடு எழுப்புவது தற்காப்பு; அதற்கு நியாயம் உண்டு. அந்நியாயம் வடிகாலை அடைப்பது வரை நீளாது, ஏனெனில் தன் வாசலிலிருந்து விலக்கிய நீரை அவர் அண்டை வீட்டுக்கும் முகமறியாத வழிப்போக்கருக்கும் மாற்றிவிடுகிறார். சாலையை உயர்த்தியது அரசு என்றால், மேட்டின் அடியில் குழாய் பதிக்கும் செலவும் அரசைச் சேர்ந்ததே. அதைச் செய்யாமல் மேட்டை ஆக்கிரமிப்பு என்று இடிப்பது தன் பிழைக்குப் பிறரைத் தண்டிப்பதாகும்.

பெர்மில் மண் நிரப்பி, முள்வெட்டி, வடிகால் திறக்கும் உழைப்பையும் இங்கே எண்ணவேண்டும். அவ்வேலையைச் செய்த ஏறக்குறைய பத்தாயிரம் சாலைப் பணியாளர்களைத் தமிழ்நாடு அரசு 2002இல் பணிநீக்கம் செய்து 2006இல்தான் மீண்டும் சேர்த்தது. இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கருதவேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை நெடுங்காலம் தொடர்ந்தது. தார் போடுவதற்குத் திறப்பு விழா உண்டு, மண் நிரப்புவதற்கு இல்லை என்பதால் இவ்வுழைப்பு முதலில் வெட்டப்படும் செலவாகிவிடுவது பெருங்கொடுமை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரம் பேணப்படாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் சாலைக்குப் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. வழக்குப் பதிவில் ஓட்டியவரின் கவனக்குறைவு என்று மட்டும் எழுதப்பட்டுவிட்டால் இப்பிரிவுக்கு வேலையே இல்லாமற்போகும். ஆகவே விபத்து நடந்த இடத்தில் தாருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இறக்கத்தை அளப்பதும், அருகிலுள்ள வாசல் மேட்டின் அடியில் நீர் போக வழி உண்டா என்று பார்த்துக் குறிப்பதும் விசாரணையின் கட்டாயப் பகுதியாக வேண்டும்.