விளையாடப்படாத பொம்மை

ஒரே ஆண்டில், ஒரே ஆலையில், ஒரே அச்சில் உருவான இரண்டு பொம்மைத் துப்பாக்கிகள் நம் முன்னே இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் சாயம் உரிந்திருக்கிறது, விசை தளர்ந்திருக்கிறது, கைப்பிடி தேய்ந்திருக்கிறது. யாரோ ஒரு சிறுவன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு பல காலம் திரிந்திருக்கிறான். மற்றொன்று, கடையில் வாங்கிய அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. இவற்றுள் எது மேலானது?

பொம்மை எதற்காகச் செய்யப்பட்டதோ அப்பணியை நிறைவேற்றியது முதலாவதே. ஆயினும் பழம்பொருள் சந்தையில் இரண்டாவதற்கே விலை மிகுதி. அட்டைப் பெட்டியும் கிழியாமல் இருந்தால் விலை இன்னும் உயரும். பயன்பட்டது மலிவாகவும் பயன்படாதது அரியதாகவும் மாறிவிடுகிற இந்த விந்தை நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. பழைய விண்வெளிக் கதிர்த் துப்பாக்கிப் பொம்மைகளைத் தேடித் திரட்டுவோர் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் உள்ளனர். அவர்களுடைய ஆர்வத்தை முன்னிறுத்தி, ஒரு பொருளைக் காப்பது எப்போது அன்பாகிறது, எப்போது வெறும் பற்றாகிறது என்பதை எண்ணிப் பார்ப்போம்.

கதையிலிருந்து கைக்கு

கதிர்த் துப்பாக்கி முதலில் ஏட்டில் பிறந்தது. எச்.ஜி.வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட புதினத்தில், செவ்வாய்க் கோளிலிருந்து வந்தவர்கள் வெப்பக் கதிரால் மனிதரை எரித்தார்கள். 1928இல் பிலிப் பிரான்சிஸ் நௌலன் எழுதிய கதையில், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உறங்கி எழுந்த வீரன் ஒருவன் தோன்றினான். மறு ஆண்டே அவன் பக் ரோஜர்ஸ் என்ற பெயரில் நாளிதழ்ப் படக்கதையின் நாயகனானான். அவன் கையிலிருந்த கருவியைத் தம் கையிலும் பிடித்துப் பார்க்கச் சிறுவர்கள் ஏங்கினார்கள்.

அந்த ஏக்கத்தை நிறைவேற்ற முன்வந்தது மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் நகரில் இருந்த டெய்சி நிறுவனம். 1882இல் அது காற்றாலைகளைச் செய்யவே தொடங்கப்பட்டது. காற்றாலை வாங்கும் உழவர்களுக்கு அன்பளிப்பாகச் சிறிய காற்றுத் துப்பாக்கி ஒன்றைத் தந்தார்கள். நாளடைவில் அன்பளிப்பே முதன்மைச் சரக்காயிற்று, காற்றாலை மறைந்தது. 1934இல் இந்நிறுவனம் இரும்புத் தகட்டால் செய்த பக் ரோஜர்ஸ் ராக்கெட் துப்பாக்கியை வெளியிட்டது. விலை 50 செண்ட். பெருமந்தத்தால் வேலையின்றி மக்கள் வாடிய அந்நாளில் இது சிறு தொகை அன்று. மறு ஆண்டில் ‘சிதைப்பான்’ என்னும் பொருள்படும் பெயருடன் எக்ஸ்.இஸட்-38 வந்தது. விசையை அழுத்தினால் உள்ளே சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறக்கும். 1954இல் பென்சில்வேனியாவின் ஹப்ளி நிறுவனம் பொட்டு வெடி வெடிக்கும் ‘அணுச் சிதைப்பான்’ ஒன்றை உலோகத்தில் வார்த்தது. 1950களில் ஜப்பானிலிருந்தும் வண்ணம் தீட்டிய தகரக் கதிர்த் துப்பாக்கிகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

செருப்பின் மூன்றாவது பயன்

அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் செருப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கருத்தை விளக்குகிறார். செருப்புக்கு இரண்டு பயன்கள் உண்டு. காலில் அணிவது ஒன்று. வேறொரு பொருளுக்கு மாற்றிக்கொள்வது மற்றொன்று. இரண்டும் செருப்பின் பயன்களே என்றாலும், முதலாவதே அதற்கு உரிய பயன். மாற்றிக்கொள்வதற்காக அது படைக்கப்படவில்லை.

திரட்டுவோர் இவ்விரண்டுடன் மூன்றாவதொரு பயனைச் சேர்க்கிறார்கள். அது அணிவதும் அன்று, விற்பதும் அன்று; வைத்திருப்பது. 1930களில் இதைப் பற்றி ஆழ்ந்து எண்ணிய ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பென்யமின், பயன்பட்டே தீரவேண்டும் என்னும் சுமையிலிருந்து பொருள்களை விடுவிப்பவராகத் திரட்டுவோரைக் கண்டார். இது அழகிய கருத்து. ஆனால் பொம்மைக்கு இது பொருந்துமா? சுத்தியலை உழைப்பிலிருந்து விடுவிக்கலாம். விளையாட்டு உழைப்பன்று. விளையாட்டிலிருந்து பொம்மையை விடுவிப்பது விடுதலையா, சிறையா?

திரட்டுவோரை எள்ளி நகையாடுவது எளிது, நேர்மையன்று. 1942இல் போரை முன்னிட்டு அமெரிக்காவில் உலோகப் பொம்மைத் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. பழைய இரும்பைச் சேகரித்த இயக்கத்தில் சிறுவர்களின் பொம்மைகள் பல உலைக்களம் சென்றன. எஞ்சியவை துருப்பிடித்துக் குப்பையில் விழுந்தன. எவரும் மதியாத அக்காலத்தில் அவற்றைக் குனிந்து எடுத்துத் துடைத்து வைத்தவர்கள் இல்லையேல், ஒரு தலைமுறைக் குழந்தைகள் எதைக் கனவு கண்டார்கள் என்பதற்குச் சான்றே இராது. சிறு வயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய ஒருவர், நரைத்த பின் அதை வாங்கித் தடவிப் பார்க்கிறார் எனில், அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே, வைத்திருப்பது குற்றமா என்று கேட்பதில் பயனில்லை. எதை வைத்திருக்கிறோம் என்று அறிந்திருக்கிறோமா என்பதே கேட்கத்தக்க வினா.

இரண்டு கண்ணாடிப் பேழைகள்

கதிர்த் துப்பாக்கியின் கவர்ச்சி எதில் இருக்கிறது? அதில் குருதி இல்லை, பிணம் இல்லை, அழுகுரல் இல்லை. விசையை அழுத்தியதும் பகைவன் ஒளியில் கரைந்துவிடுகிறான். கொலை என்ற சொல்லே தேவைப்படாத கொலை அது. நௌலனின் கதையில் அந்தப் பகைவர்கள் ஆசியாவிலிருந்து வந்து அமெரிக்காவைக் கைப்பற்றியவர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

1945 ஆகஸ்டு 6 அன்று அந்தக் கற்பனைக்கு மிக நெருங்கிய ஒன்று ஹிரோஷிமா நகரின்மேல் உண்மையாகவே நிகழ்ந்தது. யுரேனியம்-235 என்னும் ஐசோடோப்பால் ஆன அக்குண்டுக்குச் ‘சின்னப் பையன்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர் என்பது கணிப்பு. போர் ஓய்ந்த சிறிது காலத்தில் டெய்சி நிறுவனம், தன் பழைய சிதைப்பானின் வடிவத்திலேயே ஒரு துப்பாக்கியை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அளித்த பெயர்: யு-235 அணுத் துப்பாக்கி. கொலைக் குண்டுக்குச் சின்னப் பையனின் பெயர். சின்னப் பையன்களின் பொம்மைக்குக் குண்டின் பெயர்.

பெயரிட்டவர்கள் கொடியவர்கள் என்று நான் கூறவில்லை. கதிர் என்றால் ‘கரைந்து மறைவது’ என்று கதைகள் நெடுநாள் கற்பித்திருந்தன. கரைந்து போகிறவர்களுக்கு முகம் இருந்தது என்பதை அவை கற்பிக்கவில்லை.

இன்று அந்த யு-235 துப்பாக்கி திரட்டுவோரின் கண்ணாடிப் பேழைகளில் பத்திரமாக இருக்கிறது. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்திலும் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொருள் இருக்கிறது. அது துருப்பிடித்து உருக்குலைந்த மூன்று சக்கர மிதிவண்டி. நான்கு வயது நிறையாத ஒரு சிறுவன் அன்று காலை தன் வீட்டின் முன்னால் அதை ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். குண்டு வெடித்த மையத்திலிருந்து அவ்வீடு ஏறத்தாழ 1,500 மீட்டர் தொலைவு. அன்றிரவே அவன் இறந்தான். இத்தனை சிறு பிள்ளையைத் தனியே தொலைவில் உள்ள கல்லறையில் விட மனமின்றி, தந்தை அவனை வீட்டுப் புறக்கடையிலேயே புதைத்தார். அவன் விரும்பிய மிதிவண்டியையும் உடன் புதைத்தார். நாற்பது ஆண்டுகள் சென்று, 1985இல், மகனின் எலும்புகளை எடுத்துக் குடும்பக் கல்லறையில் சேர்த்தபோது, அந்த மிதிவண்டியை அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தார்.

இரண்டும் குழந்தைகளுக்காகச் செய்தவை, இரண்டும் காக்கப்படுபவை. ஒன்றை மதிப்பவர்கள், அதன்மேல் எந்தக் கையும் படவில்லை என்பதற்காக மதிக்கிறார்கள். மற்றொன்று, ஒரு சிறு கை அதைப் பற்றியிருந்தது என்பதற்காகவே மதிக்கப்படுகிறது. முதலாவதற்கு ஏலத்தில் விலை கூறலாம். இரண்டாவதற்கு விலை கூற எவருக்கும் நா எழாது. பொருளின் மேன்மை அதன் மாசின்மையில் இல்லை, அது தாங்கி நிற்கும் உறவில் இருக்கிறது என்பதை அந்தத் துருவேறிய இரும்பு நமக்குச் சொல்கிறது.

காப்பவரின் கடன்

அப்படியானால் யு-235 துப்பாக்கியை உடைத்து எறிந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. உடைத்தால், இப்படியொரு பெயரை ஒரு காலம் மகிழ்ச்சியோடு குழந்தையின் கையில் கொடுத்தது என்பதற்கான சான்றை அழித்தவர்களாவோம். அச்சான்று நமக்குத் தேவை. நம் காலமும் எவற்றுக்கெல்லாம் இனிய பெயர்களைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று நாம் ஐயுறுவதற்காகவேனும் அது தேவை.

ஆனால் காப்பவருக்கு ஒரு கடன் உண்டு. பெட்டியின் வண்ணத்தைக் காப்பவர், அப்பெட்டியின்மேல் அச்சான எண்ணின் பொருளையும் காக்க வேண்டும். பேரப் பிள்ளை அருகில் வந்து, “தாத்தா, இதிலே 235 என்று ஏன் போட்டிருக்கிறது?” என்று கேட்கும் நாளில், அதன் விலையைச் சொல்லி நிறுத்துபவர் வெறும் உடைமையாளர். ஹிரோஷிமாவைப் பற்றியும் அந்தச் சிறுவனைப் பற்றியும் அப்பிள்ளைக்கு ஏற்ற சொற்களில் சொல்பவரே காப்பாளர். சொல்லி முடித்த பின், அருகில் உள்ள ராக்கெட் துப்பாக்கியை எடுத்துப் பிள்ளையின் கையில் ஒருமுறை கொடுத்தால்தான் என்ன? விசை ஒருமுறை அசையட்டும். சாயம் சிறிது உரியலாம்; விலையும் குறையலாம்.

நம் வீட்டு அலமாரிகளிலும் பிரிக்காத பெட்டிகள் இருக்கின்றன. அவற்றை யாருக்காகக் காத்து வருகிறோம் என்று ஒருநாள் திறந்து பார்ப்பது நன்று.