பெட்டி பிரிக்காத பொம்மை

அருப்புக்கோட்டையை விட்டுத் தெற்கே திருச்சுழி வட்டத்துக் கரிசல் காட்டுக்குள் இறங்கினால் வருகிற ஊர் பரளச்சி. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் மிளகாயும் மல்லியும் உண்டு. பொய்த்தால் சீமைக் கருவேலம் ஒன்றுதான் மிச்சம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றிய குடும்பங்கள் அந்தச் சுற்று வட்டாரத்தில் ஏராளம். சென்ற ஐப்பசியில் ஒரு வலீமா விருந்துக்காக நாம் அங்கே சென்றிருந்தபோது, அத்தகைய குடும்பம் ஒன்றின் வீட்டில் அஸர் தொழுகைக்கு ஒதுங்க நேர்ந்தது.

மகன் வளைகுடா நாட்டில் பத்தாண்டுகளாகப் பாடுபட்டுக் கட்டிய வீடு. அவருக்கும் ஏறக்குறைய நமது வயதுதான். நமக்காக முன்கூடத்தில் முஸல்லா விரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால், கிப்லா பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி அலமாரி. உள்ளே சிறு விளக்குகள். அந்த வெளிச்சத்தில் விண்வெளிக் கப்பல்கள், இயந்திர மனிதர்கள், கறுப்புக் கவசம் தரித்த வீரர்கள், வேற்றுக் கிரகத்து விசித்திரப் பிராணிகள்! அத்தனையும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களில் வருபவற்றின் அச்சு மாறாத சிறு வடிவங்கள். பாதிக்கு மேல் வாங்கிய பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அடுக்கப்பட்டிருந்தன.

நாம் தயங்கி நின்றதைக் கண்ட வயதான தாயார் சொன்னார்: "நீங்களே கேளுங்க ஹஜ்ரத். இந்தச் செவுத்தைப் பார்த்து நான் தொழ மாட்டேன்னு அடுப்படியில போய்த் தொழுதுக்கிட்டிருக்கேன். அவன் மகனுக்கு ஆறு வயசு. ஒண்ணைத் தொட விடமாட்டேங்கிறான். பிள்ளை கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்குது."

மகன் தலை குனிந்து சிரித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "ஹஜ்ரத், இது ஹராமா? ஹராம் என்றால் இன்றே எடுத்து விடுகிறேன். ஆனால் காரணத்தோடு சொல்லுங்கள்."

நாம் வேறு அறையில் தொழுதோம். தொழுகை முடிந்தும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அவருக்குச் சொன்னதையும், சொல்லத் தவறியதையும் இங்கே எழுதுகிறோம். ஏனெனில் இது ஒரு வீட்டுக் கேள்வி அன்று.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றை முதலில் அறிந்து கொள்வோம். 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் படம் வெளிவந்தது. அதன் பொம்மைகளைச் செய்யும் உரிமை பெற்ற கென்னர் கம்பெனி, அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலாமல் திகைத்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? வெறும் அட்டை உறையை விற்றார்கள்! அதற்குள் ஒரு சீட்டு; அதை அனுப்பினால் மறு ஆண்டில் நான்கு பொம்மைகள் தபாலில் வரும். மக்கள் அதையும் காசு கொடுத்து வாங்கினார்கள். நாலு அங்குலத்துக்கும் குறைவான உயரமுள்ள அந்தப் பொம்மைகள் பின்னர் கோடிக்கணக்கில் விற்றன. ஜப்பானில் 'குண்டம்' என்னும் இயந்திர வீரனின் உருவத்தை நாமே பொருத்திக் கொள்ளும்படியான துண்டுகளாக 1980 முதல் பண்டாய் கம்பெனி விற்று வருகிறது. இன்று ஹாங்காங்கிலிருந்து வரும் ஓர் அடி உயரப் பொம்மை ஒன்றின் விலை நமது பணத்தில் 20,000 ரூபாய்க்கும் மேல்.

நம் நாடும் பின்தங்கவில்லை. 2010ல் வெளிவந்த 'எந்திரன்' படத்தின் சிட்டியை அறியாத சிறுவன் இல்லை. 2024ல் வந்த 'கல்கி 2898 ஏடி' படத்துக்காக 'புஜ்ஜி' என்னும் மூன்று சக்கர வாகனத்தைச் சுமார் 6 டன் எடையில் உருவாக்கியதில் நம் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றுக்கும் பங்குண்டு. பரளச்சி அலமாரியில் சிட்டியும் இருந்தது.

இனி மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். படம் பார்க்கும் வழக்கத்தைப் பற்றிய விவாதம் தனி. அதை இங்கே இழுக்கவில்லை. கேள்வி பொருளைப் பற்றியது.

உயிரற்றவற்றின் வடிவங்களில் தடை இல்லை. உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து நின்றபோது, மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் செய்து கொள்ளும்படி அவர்கள் வழி காட்டியது ஸஹீஹான நூல்களில் உள்ளது. ஆகவே விண்கப்பல், ராக்கெட், புஜ்ஜி போன்ற வாகனம், பீப்பாய் போன்ற முகமற்ற இயந்திரம் இவற்றை உருவம் என்னும் காரணத்தால் யாரும் விலக்க வேண்டியதில்லை.

உயிருள்ளவற்றின் சிலை அப்படியன்று. உருவங்கள் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்னும் நபிமொழி நாம் அனைவரும் அறிந்தது. மனித முகமும் உடலும் கொண்ட பொம்மையை அலமாரியில் ஏற்றி விளக்குப் போட்டு வைப்பது இந்தத் தடையின் எல்லைக்குள் வருகிறது. "வேற்றுக் கிரகத்துப் பிராணி உலகில் இல்லவே இல்லையே, அது எப்படி உயிருள்ளதன் உருவமாகும்?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் நமது ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட மேதைகள் இதை முன்பே யோசித்து, உலகில் நிகர் இல்லாத பிராணியின் உருவமானாலும் சட்டம் ஒன்றே என எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் குழந்தைகளின் பொம்மை? இங்கேதான் நாம் மிகவும் நேசிக்கும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பி வருகிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் ஒரு மாடத்தை மூடிய திரையைக் காற்று விலக்குகிறது. உள்ளே பொம்மைகள். அவற்றின் நடுவே ஒரு குதிரை. அந்தக் குதிரைக்குத் துணித் துண்டுகளால் இரண்டு இறக்கைகள்! குதிரைக்கு இறக்கை உண்டா என்று நாயகம் கேட்கிறார்கள். நபி ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வருகிறது. பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூத் கிரந்தத்தில் காண்கிறோம்.

சகோதரர்களே, கற்பனையைக் கண்டு முகம் சுளிக்கவில்லை நம் நாயகம். பறக்கும் குதிரையைக் கண்டு சிரித்தார்கள்! இந்த ஹதீஸைக் கொண்டே உலமாக்களில் பெரும்பாலோர் சிறுவர் விளையாட்டுப் பொம்மைகளைத் தடையிலிருந்து விலக்கினார்கள்.

நண்பரின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இவையும் பொம்மைகள்தானே ஹஜ்ரத்?" என்றார்.

அந்த நேரத்தில் அவருடைய மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். நாம் அவனைக் காட்டினோம். "விளையாடக் கூடாத பொருளுக்குப் பொம்மை என்று பெயர் சொல்லலாமா? மார்க்கம் சலுகை தந்தது விளையாட்டுக்கு. நீங்கள் விளையாட்டைத் தடுத்து விட்டுச் சலுகையை மட்டும் கேட்கிறீர்கள்" என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை.

உருவங்கள் வரைந்த ஒரு திரையை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கிழித்துத் தலையணையாக்கினார்கள்; அதன்மேல் நாயகம் சாய்ந்திருந்தார்கள். அதே துணி, அதே சித்திரம். தொங்கியபோது வெறுப்பு, புழங்கும் பொருளானபோது அனுமதி. கண்ணியப்படுத்தி உயரத்தில் நிறுத்துவதற்கும் கையாள்வதற்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்குகிறது என்று அறிஞர்கள் கூறுவர்.

சற்றுப் பொறுத்து நண்பர் தம் மனத்தைத் திறந்தார். "சின்ன வயதில் எனக்கு நுங்கு வண்டிதான் ஹஜ்ரத். அத்தா கரி மூட்டத்திலிருந்து இருட்டிய பிறகு வருவார். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் இந்தப் படங்களைப் பார்த்து விட்டு, இரவெல்லாம் வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பேன். சம்பாதிக்கத் தொடங்கியதும் முதலில் வாங்கியது அந்தக் கப்பலைத்தான். அங்கே அறையில் தனியாகக் கிடந்த வெள்ளிக்கிழமைகளில் அதைப் பொருத்தி வண்ணம் பூசுவேன். கெட்ட வழிகளுக்குப் போகாமல் என்னைக் காத்தது அதுதான்."

இதை நாம் அலட்சியம் செய்ய முடியாது. கையால் ஒன்றைச் செய்வதில் பொறுமையும் நுட்பமும் இருக்கின்றன. ஆகுமான பொழுதுபோக்கை மார்க்கம் மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் கப்பலுக்கும் நூறாவது பெட்டிக்கும் நடுவே ஏதோ மாறியிருக்கிறது. முதலாவதை அவர் நேசித்தார். நூறாவதைப் பிரிக்கவே இல்லையே! பொருளின் மீதிருந்த நேசம், எண்ணிக்கையின் மீதான ஆசையாகி விட்டது. திருமறையின் தகாஸுர் அத்தியாயம் இந்த நோயைப் பற்றியது. சேர்த்துச் சேர்த்து எண்ணிப் பார்ப்பவனை எச்சரிக்கிறது ஹுமஸா அத்தியாயம். வீண்விரயம் செய்வோரை அல்லாஹ் யாருடைய சகோதரர்கள் என்று கூறுகிறான் என்பதும் வாசகர் அறிந்ததே.

"பிரிக்காமல் வைத்தால் விலை ஏறும் ஹஜ்ரத், இது முதலீடு" என்றார் அவர். "நல்லது. விற்கும் எண்ணத்தோடு வாங்கியிருந்தால் அது வியாபாரச் சரக்கு. ஆண்டுதோறும் சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, நிஸாபை எட்டினால் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கொடுக்க வேண்டும். கொடுத்தீர்களா?" என்று கேட்டோம். இப்படி ஒரு கணக்கு உண்டென்று அவர் நினைத்ததே இல்லை. முதலீடு என்று மனைவியிடமும் ஆசை என்று தம்மிடமும் சொல்லிக் கொள்கிறவர்கள் பலர். அல்லாஹ்விடம் சொல்ல ஒரே கணக்குதான் இருக்க வேண்டும்.

உலகத்தின் பெரிய சேகரிப்பாளர்களைப் பாருங்கள். கலிபோர்னியாவில் ஸ்டீவ் சான்ஸ்வீட் என்பவர் சேர்த்தவை சுமார் 3,00,000 பொருட்கள் என்று மதிப்பிடப்பட்டு, 2013ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறின. 2017ல் அவரே வருத்தத்தோடு அறிவித்தார்: நூற்றுக்கும் மேற்பட்ட அரிய பொருட்கள் திருடு போயின, எடுத்தவர் நண்பராக நம்பப்பட்ட ஒருவர்! படங்களுக்கு மாதிரி வடிவங்கள் செய்வதில் வல்லவரான கிரெக் ஜைன் என்பவர் 2022ல் காலமானார். காணாமற் போனதாகப் பலரும் கருதியிருந்த ஒரு விண்கப்பல் மாதிரி, அவர் வைத்திருந்த பொருட்களிடையே ஓர் அட்டைப் பெட்டியில் கிடைத்தது. 2023ல் அது 31 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பணம் வந்தது; வாழ்நாளெல்லாம் சேர்த்தவர் கபுறுக்குப் போய்விட்டார்.

என் பொருள், என் பொருள் என்கிற மனிதனுக்கு உண்மையில் சொந்தமானவை மூன்றே என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியுள்ளார்கள்: உண்டு தீர்த்தது, உடுத்திக் கிழித்தது, தர்மம் செய்து முன்னே அனுப்பியது. பிரிக்காத பெட்டி இந்த மூன்றில் எதில் சேரும்?

அப்போது அவர் கேட்ட கேள்வி நம்மைக் குத்தியது. "என் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுச் சேலைகள் பெட்டியில்தான் இருக்கின்றன. பத்து வீட்டுப் பீரோவில் நகைகள் தூங்குகின்றன. அவர்களை ஏன் யாரும் கேட்பதில்லை ஹஜ்ரத்? பொம்மை என்பதால் என்னைக் கேட்பது சுலபமா?"

சுலபம்தான். ஒப்புக் கொள்கிறோம். பிறருடைய ஆசை நமக்குப் பைத்தியமாகத் தெரியும். நம்முடைய ஆசை தேவையாகத் தெரியும். நாம் ஊர் திரும்பிய இரவு நமது அலமாரியின் முன் நின்றோம். பெய்ரூத் பதிப்புகள், தங்க எழுத்து முதுகுகள். ஆறு வாகமாக வாங்கிய ஒரு கிரந்தத்தின் மூன்றாம் பாகத்திலிருந்து பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. வருகிறவர்கள் பார்த்து மதிக்க வேண்டும் என்பதற்காக அவை கூடத்தில் இருந்தன. தீனுடைய கிதாபு என்பதால் நஃப்ஸு அதற்குள் நுழையாது என்று நினைத்திருந்தோம். பரளச்சி நண்பரின் கண்ணாடிக்கும் நமது கண்ணாடிக்கும் என்ன வேறுபாடு?

நபி ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகள் திருமறையின் ஸாத் அத்தியாயத்தில் வருகின்றன. மாலை நேரத்தில் உயர்ந்த ஜாதிக் குதிரைகள் அணிவகுத்து வருகின்றன. பார்த்துக் கொண்டேயிருந்ததில் பொழுது மறைந்து விட்டது. இறை நினைவு தவறியதே என்று அந்த நபி வருந்தினார்கள் என்று விரிவுரையாளர் பலர் எழுதுகிறார்கள். ஜிஹாதுக்கான குதிரைகள் அவை, ஆகுமான செல்வம். அவற்றை உடையவரோ மாசற்ற நபி. அவர்களே தம்மைத் தாம் கேட்டுக் கொண்டார்கள் என்றால், நமது அலமாரிகள் எம்மாத்திரம்! சிறுமியின் கையில் அதே ஸுலைமான் நபியின் குதிரை நாயகத்தைச் சிரிக்க வைத்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒன்றில் பொருள் மனிதரை மகிழ்வித்தது. மற்றொன்றில் மனிதரை நிறுத்தி வைத்தது.

நண்பருக்கு நாம் சொன்ன முடிவு இதுதான். கிப்லா சுவரிலிருந்து அலமாரி உடனே அகல வேண்டும். தாயார் அடுப்படியில் தொழுவது தகாது. கப்பல்களும் வாகனங்களும் இருக்கலாம். மனித, மிருக உருவங்களைக் காட்சிக்கு நிறுத்தக் கூடாது. பிள்ளைகள் விளையாடக் கொடுத்து விடலாம். விற்பதற்கென வாங்கியவற்றை விற்று, தவறிய ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். இனி ஒன்றை வாங்கும் முன், வீட்டின் கடன்களையும் உறவினரின் பசியையும் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் கப்பலை மட்டும் எடுத்து விடச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சொல்லவும் காரணம் இல்லை.

விடைபெறும்போது அவர் ஒரு பெட்டியைப் பிரித்து மகன் கையில் கொடுத்தார். சிறுவன் அதை ஓட்டிக் கொண்டு வாசலுக்கு ஓடினான். கரிசல் மண்ணில் அது விழுந்த சத்தம் கேட்டது. தகப்பனின் உடம்பு ஒரு முறை அதிர்ந்ததைக் கண்டோம். ஆனால் அவர் எழுந்து போகவில்லை. அந்த அடங்கலில் ஒரு ஜிஹாது இருந்தது.

நாமும் அந்தக் கிரந்தத்தை ஒரு மதரஸா மாணவரிடம் கொடுத்து விட்டோம். நான்கு பாகங்களைத்தான் கொடுத்தோம். இரண்டு இன்னும் நம்மிடம் இருக்கின்றன. வாசகர்கள் நமக்காகவும் துஆச் செய்யுங்கள். நம் கைகளில் உள்ளவை நம் கல்புகளில் ஏறி உட்காராமல் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.