நித்தியம் என்னும் சொல்

ஒரு பொருள் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைச் சொல்ல எமது மொழியிலே சொற்களுக்குப் பஞ்சமில்லை. கண் இமைக்கும் பொழுதுக்குப் பெயர் உண்டு. இருபத்துநான்கு நிமிடம் கொண்டது ஒரு நாழிகை. ஏழரை நாழிகை ஒரு யாமம். அறுபது நாழிகை ஒரு நாள். கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டுகள். நான்கு யுகங்களும் சேர்ந்தால் 43,20,000 ஆண்டுகள். அத்தகைய ஆயிரம் சதுர்யுகங்கள் பிரமதேவருக்கு ஒரு பகல். அந்தப் பிரமதேவருக்கும் ஆயுள் நூறு ஆண்டு என்று கணக்கு எழுதி வைத்த பின்னரே எம் முன்னோர் ஓய்ந்தார்கள்.

இவ்வளவு நுட்பமாகக் காலத்தை அளந்த மரபிலே வந்த நாம், அன்றாட வாழ்விலே இச்சொற்களை எவ்வாறு வழங்குகின்றோம் என்று சற்றுச் சிந்திப்போமாக.

வங்கியிலே பணத்தை இட்டு அதற்கு ‘நிலையான வைப்பு’ என்று பெயர் சொல்லுகின்றோம். அது ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ முதிர்ந்துவிடுகின்றது. படிவங்களிலே ‘நிரந்தர முகவரி’ என்று ஒரு கட்டம் இருக்கின்றது. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுள் எத்தனையோ பேர், தாம் கால் வைக்க முடியாத காணியின் பெயரையே அந்தக் கட்டத்தில் எழுதி வந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த கொட்டில்களுக்கு இடப்பட்ட பெயரோ ‘தற்காலிகம்’. அந்தத் தற்காலிகத்திலே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தவர்களும் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து ஆளானார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோதும், இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டு போனவர்கள் பலர். இரண்டு மூன்று நாள் பல மாதங்களாயிற்று.

ஆகவே, நாம் நிரந்தரம் என்பது நிரந்தரமாக இருப்பதில்லை. தற்காலிகம் என்பது அவ்வளவு விரைவில் தீர்வதுமில்லை. ஆசைப்படுவதைச் சொல்லாலே நீட்டுகின்றோம். அஞ்சுவதைச் சொல்லாலே குறுக்குகின்றோம். அப்படியாயின், நிலைத்தது என்று எதைத்தான் சொல்லலாம்?

சைவசித்தாந்தம் இதற்குத் தெளிவான விடை தருகின்றது. பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி. அவை ஒருவரால் ஆக்கப்பட்டவை அல்ல. மாயையிலிருந்து தோன்றிய உடலும் உலகமும் தோன்றி, நின்று, ஒடுங்குவன. அவை அநித்தியம். உயிர் நித்தியம். இறைவன் நித்தியன். இது நாம் சிறுவயதிலே சைவசமய பாடத்திலே படித்ததுதான்.

ஆனால் அதே ‘நித்தியம்’ என்ற சொல்லுக்கு ஆலயத்திலே இன்னொரு பொருளும் வழங்குகின்றது. நித்திய பூசை என்கின்றோம். அது முடிவில்லாத பூசை என்பதன்று. நாள்தோறும் செய்யும் பூசை என்பதாகும். திருவிழா முதலிய விசேட பூசைகள் நைமித்திகம். அன்றாடம் விளக்கேற்றி, நீராட்டி, அமுது படைப்பது நித்தியம். வீதியோரத்திலே மலரும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். அதன் ஒவ்வொரு பூவும் சில நாளிலே உதிர்ந்துவிடும். புதிது புதிதாகப் பூப்பதனாலேயே அந்தச் செடி அப்பெயரைப் பெற்றது.

என்றும் உள்ளது என்பதற்கும் நாள்தோறும் செய்வது என்பதற்கும் ஒரே சொல் அமைந்தது ஆழ்ந்து எண்ணத்தக்கது. இறைவனுடைய நித்தியம் முடிவில்லாமை. அழியும் உடலோடு வாழும் நமக்குக் கைகூடிய நித்தியம் நாள்தோறும் செய்தலே.

எமது நாட்டு வரலாறே இதற்குச் சான்று கூறும். சோழர் ஆட்சிக் காலத்திலே மாதோட்டத்திலே தாழி குமரன் என்பவர் இராசராச ஈசுவரம் என்னும் சிவாலயத்தை எழுப்பினார். அதற்கு விட்ட நிவந்தங்களைக் கல்லிலே வெட்டுவித்தபோது, அவை ‘சந்திராதித்தவல்’ நிற்க வேண்டும் என்று பொறித்தார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது அதன் பொருள். சந்திரனும் சூரியனும் இன்றும் உள்ளன. கல்வெட்டும் கொழும்பு அரும்பொருட்சாலையிலே உள்ளது. கோயிலைத்தான் காணவில்லை.

அதே மாதோட்டத்திலே திருக்கேதீச்சரமும் போர்த்துக்கேயர் காலத்திலே அழிந்தது. ஆயினும் சம்பந்தரும் சுந்தரரும் அத்தலத்துக்குப் பாடிய பதிகங்களை அடியவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதி வந்தார்கள். கோயில் இல்லாத காலத்திலும் கோயிலின் பெயர் நாவிலே இருந்தது. 1872 இல் ஆறுமுக நாவலர் அதன் திருப்பணிக்காகக் குரல் கொடுத்தார். 1903 இல் சிறு ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. மீண்டும் மீண்டும் திருப்பணி கண்டு, 2022 இலே கருங்கல் ஆலயமாகக் குடமுழுக்குக் கண்டது. கல்லிலே எழுதிய காலவரை காக்காததை, நாள்தோறும் ஓதிய நா காத்தது.

ஆலய விதியும் இதையே உணர்த்துகின்றது. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்து மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தனத்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது மரபு. நித்தியனாகிய இறைவனின் திருவுருவத்துக்கே மறுபடி மறுபடி பந்தனம் வேண்டுமாயின், மனிதருடைய உறவுக்கும் உறுதிமொழிக்கும் வேண்டாமா?

நாள்தோறும் செய்தால் அது வெறும் பழக்கமாகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இன்று பல ஆலயங்களிலே மின்விசையால் மணியும் முரசும் ஒலிக்கின்றன. அவை ஒரு நாளும் தவறுவதில்லை. ஆனால் அதனை வழிபாடு என்று எவரும் சொல்வதில்லை. வர மனமில்லாத நாளும் உண்டு, மறந்துபோகும் நாளும் உண்டு என்ற நிலையிலே, அதையும் கடந்து ஒருவர் வந்து முற்றத்தைக் கூட்டும்போதே அது நித்தியமாகின்றது. தவறக்கூடியவன் தவறாமல் இருப்பதே தொண்டு.

சலவைக்கல்லிலே பெயர் பொறித்து நிரந்தர உபயம் செய்வது நல்லதே. அதனாலே ஆலயம் பயன்பெறுகின்றது. எனினும் அந்தப் பொறிப்போடு நமது கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. வீட்டிலும் அப்படியே. தூரதேசத்திலிருந்து, “அம்மா, உங்களை என்றைக்கும் மறக்கமாட்டேன்” என்று வருடத்துக்கு ஒருமுறை சொல்லும் பிள்ளையைவிட, “இன்றைக்குச் சாப்பிட்டீங்களோ, மருந்து குடிச்சீங்களோ?” என்று நாள்தோறும் கேட்கும் பிள்ளையின் சொல்லிலே காலத்தைக் குறிக்கும் பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் நித்தியம் அங்கேதான் இருக்கின்றது.

என்றென்றும் என்று வாக்குக் கொடுக்கும் தகுதி இறைவனுக்கே உரியது. இன்றைக்கு என்று சொல்லி, அதை நாளைக்கும் சொல்வது நமக்கு உரியது. அந்த மனவுறுதியை எல்லோருக்கும் தந்தருள எம்பெருமான் திருவடிகளைப் பணிந்து வேண்டுவோமாக.