கோல் பாம்பானாலும்

மூன்று பத்தைவிடப் பெரியது என்று ஒருவன் வாதிக்கிறான். நாம் மறுக்கிறோம். "என் கையிலுள்ள இந்தக் கோலைப் பாம்பாக்கிக் காட்டுகிறேன், அதுவே என் சொல்லுக்குச் சான்று" என்கிறான். சொன்னபடியே செய்தும் விடுகிறான். இப்போது மூன்று பெரியதாகிவிடுமா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) 'அல்முன்கிது மினள்ளலால்' என்னும் தம் நூலில் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது. அவன் அதை எவ்வாறு செய்தான் என்று வியக்கலாம். கணக்கில் ஐயம் கொள்ள அதில் எதுவுமில்லை என்பது அவர்கள் தரும் விடை.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தருக்கத்தின் கலைச்சொற்களை மனப்பாடம் செய்விப்பதைவிட, இந்தக் கோலையும் பாம்பையும் காட்டிக் கொடுப்பது மேல் என்று கருதுகிறோம். மக்களை இணங்கச் செய்யும் தந்திரங்களிற் பல இவ்வித்தையின் வேற்றுருவங்களே. கேட்ட கேள்விக்கு விடை வராது. அதன் இடத்தில் கண்ணைக் கவரும் வேறொன்று வந்து நிற்கும்.

1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேமல் சிகரெட்டுக்கு ஒரு விளம்பரத் தொடர் தொடங்கியது. மற்ற சிகரெட்டுகளைவிட இதையே அதிகமான மருத்துவர்கள் புகைக்கிறார்கள் என்பது அதன் சாரம். எண்ணிக்கை மெய்யாகவே இருக்கட்டும். புகை நுரையீரலை என்ன செய்கிறது என்பதல்லவா கேள்வி? மருத்துவரின் வெள்ளை அங்கியில் அதற்கு விடையில்லை. 1950-இல் இங்கிலாந்தில் டால், ஹில் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை, ஆண்களுக்கு அந்நோய் வரப் புகைப்பழக்கம் காரணமாகிறது என்று அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த அங்கியை நம்பிப் புகைத்தவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பக்தியின் போர்வையிலும் இது நடப்பதுண்டு. மதீனாவில் ஷைகு அஹமது என்பவர் கண்ட கனவு என்று ஒரு துண்டுப் பிரசுரம் நூறாண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில், பல மொழிகளில் உலவி வருகிறது. படியெடுத்துப் பரப்புவோர்க்கு நன்மை சேருமாம். அலட்சியம் செய்வோர்க்குக் கேடு வருமாம். ஆலிம்கள் மறுத்தும் அது ஓய்ந்தபாடில்லை. அச்சம் எப்படிச் சான்றாகும் என்று கேட்கக் கற்ற பிள்ளை ஒன்று இருந்தால், அந்த வீட்டு வாசலோடு அது நின்றுவிடும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. உடலினின்றும் இரத்தம் வாங்குபவனின் குவளையில் தேனை ஊற்றி வைத்தால் மக்கள் அருவருத்து ஒதுக்குவர். தேனோ தேனாகவே இருக்கிறது. அவ்வாறே, தமக்குப் பிடிக்காதவன் வாயிலிருந்து வந்ததென்பதற்காக மெய்யையும் தள்ளிவிடுகின்றனர் என்று இமாமவர்கள் வருந்துகிறார்கள். 'இதைச் சொல்ல இவன் யார்?' என்று தொடங்கும் மேடைப் பேச்சுகளை நாம் கேட்காததா? அரங்கம் கைதட்டும். சொல்லப்பட்டது சரியா என்பது மட்டும் கடைசிவரை ஆராயப்படாது.

அதே நூலில் அவர்கள் வேறொன்றும் சொல்கிறார்கள். பாம்பாட்டி தன் சிறு மகனின் கண்ணெதிரே பாம்பைத் தொடலாகாது. பார்த்து மகனும் தொடுவான். கள்ள நாணயம் கலந்த பையில் தேர்ந்த நாணய மாற்றுக்காரன் கைவைத்தாலும் ஏமாறான், பட்டிக்காட்டான் ஏமாறுவான். ஆகவே பக்குவமில்லாதோரைப் பிழையான நூல்களிலிருந்து விலக்கியே வைக்கவேண்டும் என்பது அவர்களின் முடிவு. அக்காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று மூடிவைக்கக் கூடையே இல்லை. கைப்பேசி வழியே பிள்ளையின் உள்ளங்கையிலேயே பாம்பு படமெடுக்கிறது. அவனை நாணய மாற்றுக்காரனாக்குவதைத் தவிர வேறு வழி நமக்குத் தெரியவில்லை.

பெற்றோருக்கு இதிலே ஒரு சங்கடம். பிள்ளை முதலில் சுண்டிப் பார்க்கும் நாணயம் நம்முடையதாகவே இருக்கும். 'படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்' என்கிறோம். உலகில் இருப்பவை இந்த இரண்டே வழிகளா? மேய்ப்பது இழிவென்றால், நபிமார்கள் ஆடு மேய்த்தவர்கள் என்று மதரஸாவில் சொல்லிக் கொடுத்தது என்னவாயிற்று?

படிப்பு நல்லதுதானே, நல்லதைப் புகட்ட ஒரு சிறு தந்திரம் கூடாதா என்று கேட்பார்கள். நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது இக்கேள்வியே. பத்துதான் பெரியது என்று நிறுவுவதற்காகவும் ஒருவன் கோலைப் பாம்பாக்கலாம். கணக்குச் சரி. ஆனால் பிள்ளை எண்ணிப் பார்த்து நம்பவில்லை; பாம்பைப் பார்த்து நம்பியது. நாளை இதனினும் பெரிய பாம்போடு வருபவன், அதே பிள்ளையை மூன்றே பெரிது என்று நம்பவைத்துவிட்டுப் போவான்.

படிப்பின் பயனைச் சொல்ல விரும்பும் தந்தை, கடன் பத்திரத்தைத் தானே வாசித்துக் கையெழுத்திட்டவனுக்கும், வாசிக்கத் தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்தவனுக்கும் என்ன வேறுபாடு என்று மகனோடு உட்கார்ந்து பேசலாம். அதற்கு நேரம் பிடிக்கும். மகன் குறுக்குக் கேள்வியும் கேட்பான்.