எத்தனை பாடம் கடமை?

அடுத்த கல்வியாண்டில் எத்தனை ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) பாடங்கள் எடுப்பது என்ற கேள்வி, நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டர் போன்ற ஊர்களில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் வருகிறது. கல்லூரி முதலாண்டுத் தரத்திலான பாடங்களைப் பள்ளியிலேயே படிக்கவைக்கும் இந்த ஏற்பாட்டை காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1950களின் நடுவிலிருந்து நடத்திவருகிறது. கால்குலஸ், இயற்பியல், வேதியியல், அமெரிக்க வரலாறு, கணினி அறிவியல் என ஏறத்தாழ நாற்பது பாடங்கள் உள்ளன. மே மாதத்தில் இரண்டு வாரம் தேர்வு நடக்கும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. பல பள்ளிகள் இவற்றுக்குக் கூடுதல் எடை கொடுத்து ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரியைக் கணக்கிடுவதால், ஒரு பிள்ளை ஐந்து எடுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆறு எடுக்கிறது. இதை எல்லோரும் கல்லூரிச் சேர்க்கைக்கான உத்தியாகவே பேசுகிறார்கள். உண்மையில் இது தர்மத்தைப் பற்றிய கேள்வி. படிப்புக்கு ஒரு மாணவர் பட்ட கடன் எவ்வளவு, உடம்புக்கும் உறக்கத்துக்கும் வீட்டுக்கும் பட்ட கடன் எவ்வளவு என்பதே அதன் உள்ளே இருப்பது.

இந்தக் குடும்பங்களில் பலவும் தயங்காமல் எடுத்துச் சொல்வது கீதையின் இரண்டாம் அத்தியாயம் 47ஆம் சுலோகத்தின் கருத்தை: செயலில்தான் உரிமை, பலனில் இல்லை. ஆனால் அந்த உபதேசத்தைக் கேட்ட அர்ஜுனனுக்குக் கடமை எது என்பது ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தது. பதினோராம் வகுப்பு மாணவருக்கு அப்படி இல்லை. எதைக் கடமையாக ஏற்பது என்பதே அவர் முன் இருக்கும் கேள்வி. எனவே அந்தச் சுலோகம் மட்டும் இங்கே போதாது. கடமைக்கும் விருப்பத்துக்கும் கோடு கிழித்துக் காட்டும் வேறொரு சாஸ்திரம் வேண்டும்.

அது மீமாம்சை. வேத கர்மங்களை அது நித்தியம், நைமித்திகம், காமியம் என்று பிரிக்கிறது. நித்தியம் அன்றாடம் செய்தே தீரவேண்டியது, விட்டால் குற்றம். நைமித்திகம் ஒரு நிமித்தம் நேரும்போது செய்வது. காமியம் குறிப்பிட்ட ஒரு பலனை விரும்புகிறவர் மட்டும் செய்வது; செய்யாவிட்டால் எந்தக் குற்றமும் இல்லை, அந்தப் பலன் கிடைக்காது, அவ்வளவுதான். இந்தப் பிரிவினையைப் பள்ளிப் பாடத் திட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெறக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதமும் அறிவியலும் சமூக அறிவியலும் தலா மூன்று ஆண்டு, இவற்றோடு உடற்கல்வியும் பிறவும். இது நித்தியம். ஐந்தாவது, ஆறாவது ஏபி பாடம், எவ்வளவு உயர்ந்ததானாலும், காமியம். அதை எடுக்காத பிள்ளை கடமை தவறிய பிள்ளை அல்ல. இந்த வீடுகளில் நடக்கும் பெரிய பிழை, காமியத்தை நித்தியம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. விருப்பத்துக்குக் கடமையின் பெயரைச் சூட்டியதும், அதில் தளர்ந்துபோவது பாவம்போல் பிள்ளையின் நெஞ்சில் உறுத்தத் தொடங்குகிறது.

மீமாம்சையின் இன்னொரு தீர்ப்பும் இங்கே உதவும். நித்திய கர்மத்தை இயன்ற அளவு செய்தாலும் போதும். ஓர் அங்கம் குறைந்தாலும் அது நிறைவேறியதாகவே கொள்ளப்படும். காமிய கர்மத்துக்கு அந்தச் சலுகை இல்லை. எல்லா அங்கங்களோடும் முழுமையாகச் செய்தால்தான் பலன் தரும். ஜைமினி சூத்திரங்களின் ஆறாம் அத்தியாயம் இதை விரிவாக ஆராய்கிறது. விரும்பி ஏற்றதை அரைகுறையாகச் செய்ய உரிமை இல்லை என்பது இதன் பொருள். ஏழு பாடங்களை எடுத்துவிட்டு, நான்கில் நண்பரின் விடையைப் பார்த்து எழுதியும், கட்டுரையைக் கணினியிடம் எழுதி வாங்கியும் ஒப்பேற்றும் மாணவர் பட்டியலில் ஏழைக் காட்டலாம். அவர் படித்தது மூன்றுதான். படிக்காத நான்குக்கும் உறக்கத்தை விலையாகக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் வேதனை.

அளவைப் பற்றி மரபு மௌனமாக இல்லை. கீதையின் ஆறாம் அத்தியாயம் 16, 17ஆம் சுலோகங்கள், மிக அதிகமாக உண்பவருக்கும் உண்ணாதவருக்கும், மிக அதிகமாக உறங்குபவருக்கும் விழித்தே இருப்பவருக்கும் யோகம் கைகூடாது என்கின்றன. தூக்கம் இங்கே சோம்பலின் கணக்கில் வைக்கப்படவில்லை. சாதனையின் ஓர் அங்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2014இல் கூறியது. கலிபோர்னியா அதைச் சட்டமாக்கி 2022 ஜூலையிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. திருக்குறளோ வலியறிதல் என்று ஓர் அதிகாரத்தையே இதற்கு ஒதுக்கியிருக்கிறது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அதில்தான் வருகிறது. ஒவ்வொரு பாடமும் தனியே பார்த்தால் இலகுவானதே என்று சொல்லிச் சேர்க்கும் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை.

அதே திருக்குறளில் ஆள்வினையுடைமையும் ஓர் அதிகாரம். ஊழே கூட்டுவிக்காத போதும் முயற்சி உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்று அது உறுதி சொல்கிறது. எனவே மரபை ஓய்வுக்கான வக்கீலாக மட்டும் நிறுத்துவது நேர்மையாகாது. கடினமான பாடத்தோடு மல்லுக்கட்டுவதில் ஒரு தவம் உண்டு. கால்குலஸ் பிடிபடும் அந்த மகிழ்ச்சி பதினாறு வயதில் கிடைத்தால் அது பெரும் பேறு. ஆனால் தவத்துக்கும் விரதத்துக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது: தொடக்கத்தில் ஒரு சங்கல்பம், நடுவில் ஒரு நியமம், கடைசியில் ஒரு முடிவு. சபரிமலைக்கு மாலை போடுகிறவருக்கு ஒரு மண்டலம். தமிழகத்தில் பிளஸ் டூ படித்து, 1200க்கு மதிப்பெண் வாங்கி, கவுன்சலிங்கில் இடம் பிடித்து வந்த பெற்றோர்கள் ஓர் ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்ட தலைமுறை. அமெரிக்கப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண்ணும் டிரான்ஸ்கிரிப்ட்டில் ஏறுகிறது. அந்த ஓராண்டு விரதத்தை இங்கே நான்கு ஆண்டுக்கு நீட்டிவிடுகிறார்கள். முடிவு தெரியாத விரதத்தை எந்தக் குருவும் விதித்ததில்லை.

பெற்றோரின் பேராசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது, நியாயமல்ல. கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகளாக நிற்கும் குடும்பங்களில், பிள்ளைக்கு 21 வயது ஆனதும் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து இருக்கும் உரிமை முடிந்துவிடுகிறது. படிப்பு ஒன்றே பாதுகாப்பு என்று அவர்கள் நம்புவதில் அச்சம் கலந்திருக்கிறது; அந்த அச்சம் உண்மையானது. போட்டியை அமைப்புகளும் வளர்க்கின்றன. டெக்சஸில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் வகுப்பின் முதல் பத்து சதவீதத்தினருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் தந்தது. ஆஸ்டின் வளாகம் பின்னர் அந்த வரம்பை மேலும் குறுக்கிக்கொண்டது. கூடுதல் எடையுள்ள பாடங்களே தரவரிசையை உயர்த்தும் என்பதால், அங்கே பாடத் தேர்வே வகுப்பு நண்பர்களோடு நடக்கும் போட்டியாகிவிட்டது.

பிரிட்ஜ்வாட்டருக்குத் தெற்கே, ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய வெஸ்ட் வின்ட்சர்–பிளெயின்ஸ்பரோ கல்வி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் 2015இல் வெளிப்படையாக வெடித்தது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் கண்டு கவலையுற்ற கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். உயர்நிலைப் பள்ளியில் இடைத் தேர்வுகளும் இறுதித் தேர்வுகளும் நீக்கப்பட்டன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் அறிவிக்கப்பட்டன. நான்காம், ஐந்தாம் வகுப்பு விரைவுக் கணிதத்திலும் மாற்றம் வந்தது. ஆசிய வம்சாவளி மாணவர்கள் பெரும்பான்மையாக உள்ள அந்த மாவட்டத்தில் பெற்றோர் இரண்டு பட்டார்கள். தரத்தைக் குறைக்கிறார்கள் என்று புலம்பெயர்ந்த பெற்றோரில் பலர் எதிர்த்தார்கள். பத்தாண்டு கடந்தும் அந்த விவாதம் தீர்ந்தபாடில்லை. உயர்சாதனைப் பள்ளிகளின் மாணவர்கள் மனநலத்தில் கூடுதல் ஆபத்துக்கு உள்ளானவர்கள் என்பதை இந்தியாவில் பிறந்த உளவியலாளர் சுனியா லூதர் தம் ஆய்வுகளால் நிறுவினார்.

பலனின் பக்கமும் பார்க்கவேண்டும். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயல் நிறைவேற ஐந்து காரணங்களைச் சொல்கிறது: உடம்பு, செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். பிரிட்ஜ்வாட்டரில் உள்ள வேங்கடேஸ்வரர் கோயிலுக்குத் தேர்வுக்கு முன் வந்து நிற்கும் குடும்பங்கள் ஐந்தாவதை அறிந்தவர்கள். ஆனால் முதலாவதான உடம்பை மறந்துவிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்கள் நூறு விண்ணப்பங்களில் ஏறத்தாழ நான்கைத்தான் ஏற்கின்றன. ஒரு பாடத்தைக் கூட்டுவதால் அந்தப் பலன் யார் கைக்கும் வந்துவிடாது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகம் தன் மாணவர்களை ஆராய்ந்தபோது, ஐந்து கல்லூரித் தரப் பாடங்களுக்கு மேல் படித்ததால் முதலாண்டு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை என்று கண்டது. பலனில் பற்று வேண்டாம் என்ற உபதேசம் இந்த வீடுகளில் முதலில் போய்ச் சேரவேண்டியது பெற்றோரிடம். பெரும்பாலான பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்குக் கல்லூரியின் பெயரை நினைப்பதில்லை, படுக்கையைத்தான் நினைக்கிறார்கள்.

படிப்பை நிறுத்திவைப்பதும் படிப்பின் விதிகளில் ஒன்று என்பதை மரபு நன்றாக அறிந்திருந்தது. வேதம் ஓதுவதற்கு அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி முதலிய நாட்கள் அனத்யயனம். அன்று ஓதக் கூடாது என்று தர்ம சூத்திரங்கள் விதிக்கின்றன. வைணவக் கோயில்களில் திவ்வியப் பிரபந்தத்துக்கே அனத்யயன காலம் உண்டு. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டு, தொடாமல் வைத்திருந்து, மறுநாள் விஜயதசமியில் எடுத்துப் படிப்பது தமிழ் வீடுகள் எல்லாம் அறிந்த வழக்கம். கல்விக்கென்றே உள்ள தெய்வத்தின் நாளில் கல்விக்கு விடுமுறை. அமெரிக்காவில் அந்த நாள் செப்டம்பரிலோ அக்டோபரிலோ பெரும்பாலும் பள்ளி வேலை நாளாக வருகிறது. புத்தகம் பூஜையில் இருக்க, வீட்டுப்பாடம் லேப்டாப்பில் காத்திருக்கிறது. பல வீடுகளில் புத்தகத்தை மட்டும் வைத்துவிட்டுப் படிப்பைத் தொடர்கிறார்கள். வழக்கத்தின் உயிரான பகுதி அங்கே போய்விடுகிறது.

எத்தனை பாடம் என்ற எண்ணை எந்த சாஸ்திரமும் தராது. பிறருடைய தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வதே மேல் என்ற கீதையின் மூன்றாம் அத்தியாயக் கருத்துப்படி, அந்த எண்ணை அந்தப் பிள்ளையிடமிருந்துதான் பெறவேண்டும். வரலாற்றில் ஆர்வமுள்ள பெண்ணுக்கு இயற்பியல் சி என்ற ஏபி பாடம் தேவையில்லாமல் இருக்கலாம். கணிதத்தில் திளைக்கும் பையனுக்கு அதுவே விளையாட்டாக இருக்கலாம். பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் பெற்றோர் முதலில் உறக்கத்துக்கான ஒன்பது மணி நேரத்தை எழுதிவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்துக்குள் எத்தனை பாடம் அடங்கும் என்று பிள்ளையையே கேட்கட்டும். அவர் சொல்லும் எண் பக்கத்து வீட்டு எண்ணைவிடச் சிறியதாக இருந்தாலும் அதையே எழுதட்டும்.