பேரிடர்: படிப்பினையா, தீர்ப்பா?



எங்காவது பூமி அதிர்ந்தாலோ எரிமலை வெடித்தாலோ, நம்மில் சிலருடைய நாவு உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: “அந்த ஊர் மக்கள் செய்த பாவம்!” 2004 டிசம்பர் 26 அன்று கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கடல் புகுந்தபோதும் இப்படிப் பேசியவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் இந்தச் சொல் விழுந்தால் அவள் உள்ளம் என்ன பாடுபடும்? இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டா?

பூமியின் நெருப்பு எங்கே எழுகிறது என்று பாருங்கள். நம் நாட்டில் இப்போதும் வெடிக்கும் எரிமலை ஒன்றுதான். அது போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாரன் தீவு. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மீண்டும் வெடித்தது; 2005இலும் நெருப்பைக் கக்கியது. அந்தத் தீவில் மனிதர் யாரும் வசிக்கவில்லை. அப்படியானால் அது யாருடைய பாவத்துக்காக வெடித்தது?

அல்லாஹ் பூமிக்கு ஒரு நியதியை வைத்திருக்கிறான். அதன் மேலோடு பெரும் தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது. நாம் வாழும் இந்தியத் தட்டு, அந்தமான் பக்கம் இன்னொரு தட்டுக்கு அடியில் இறங்குகிறது. அதோடு உள்ளே போகும் நீர் ஆழத்தில் வெளியேறி, மேலிருக்கும் சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை எளிதில் உருகும். அந்தக் குழம்பு மேலெழும் இடம் எரிமலை. சுமத்ரா, ஜாவா எரிமலைகளும் இதே விளிம்பையொட்டியே வரிசையாக நிற்கின்றன. அங்கே சிக்கி நின்ற தட்டுகள் திடீரென நழுவியதால்தான் 2004இல் 9.1 அளவு நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன.

திருநள்ளாற்றில் எரிமலை இல்லாதது நாம் நல்லவர்கள் என்பதால் அல்ல. தட்டின் விளிம்பு நமக்கு வெகுதூரம். அன்று அலை நம் தெருவுக்கு வராததும் கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால்தான்.

“ஆது, ஸமூது கூட்டத்தார் அழிக்கப்படவில்லையா?” என்று கேட்பீர்கள். அது வேதனை என்பதை அல்லாஹ்வே அறிவித்தான். அதனால் நமக்குத் தெரியும். வஹீ முற்றுப்பெற்றுவிட்டது. இனி “இது இன்னாருக்கு இறங்கிய தண்டனை” என்று சொல்பவர், மறைவானதை அறிந்ததாக வாதிடுகிறார்.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தால்தான் கிரகணம் வந்தது என்று மக்கள் பேசினார்கள். தம் சொந்தத் துயரத்தின் நடுவிலும் நபியவர்கள் அதை மறுத்தார்கள். யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, அது இறைவனின் அத்தாட்சி என்று விளக்கி, தொழுகையில் நின்றார்கள். நீரில் மூழ்கி இறந்த முஃமினை ஷஹீதுகளில் ஒருவராக எண்ணியதும் அவர்களே.

ஆகவே பேரிடர் வரும்போது படிப்பினையை நமக்கு எடுத்துக்கொள்வோம். பாதிக்கப்பட்டவர்களுக்கு உணவையும் உதவியையும் கொண்டுபோவோம். தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டுவிடுவோம். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் குரல் கொடுத்தால், உடனே செவிசாய்ப்போம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமக்குக் கற்றுத் தரப்பட்ட வழி.

பிறர் துயரத்தில் நம் நாவைக் காத்துக்கொள்ளும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.