ஒலியும் உயிரும்



‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் சொல் இன்று சிறுவர் முதல் முதியோர் ஈறாக அனைவர் நாவிலும் வழங்குகின்றது. மொழி, இசை, ஓவியம், கல்வி ஆகிய பண்பாட்டுச் செல்வங்கள் இப்பொறிகளால் வளருமா, தளருமா என்று அறிஞர் ஆராய்கின்றனர். நம் ஆசாரியர்கள் அருளிய தத்துவங்களைத் துணைக்கொண்டு நாமும் இதனைச் சிறிது சிந்திப்போம்.

2024ஆம் ஆண்டு வெளிவந்த ‘லால் சலாம்’ திரைப்படத்தின் பாடலொன்றில், 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்கியா ஆகிய இருவரின் குரல்களும் ஒலித்தன. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவின் துணையால் அக்குரல்களை மீண்டும் உருவாக்கினார். ‘இறந்தவர் எவ்வாறு பாடுகின்றார்?’ என்ற வியப்பு எவர்க்கும் எழுதல் இயல்பே.

நம் தத்துவம் அறிந்தோர் இதில் மயங்க வேண்டுவதில்லை. ஒலி ஆகாயத்தின் குணம் என்று வேறு சில தரிசனங்கள் உரைத்தன. உமாஸ்வாமி ஆசாரியரோ தத்துவார்த்த சூத்திரத்தில் ஒலியைப் புத்கலத்தின் பரியாயங்களுள் ஒன்றாக வைத்தார். புத்கலம் சேரும், பிரியும். ஆதலின் ஒலியையும் பதியலாம், பகுக்கலாம், மீண்டும் கோக்கலாம். பாடிய உயிரோ தன் வினைக்கேற்ற கதியை அடைந்துவிட்டது. திரும்பி வந்தது ஒலியேயன்றி உயிர் அன்று. உயிரின் இலக்கணம் உபயோகம், அதாவது அறிதலும் காண்டலும் ஆகும். அவ்விலக்கணம் பொறிக்கு இல்லை.

இதில் ஓர் அறமும் உண்டு. அவ்விருவர் குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதாகவும், உரிய ஊதியம் வழங்கியதாகவும் ரகுமான் அறிவித்தார். கொடுக்கப்படாததைக் கொள்வது களவு என்பது நம் அணுவிரதம். ஒருவர் குரலையும் முகத்தையும் எழுத்தையும் இசைவின்றி எடுத்தாள்வதும் அதன்பாற்படும்.

இனி, எழுதும் பொறியைக் காண்போம். 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தது முதல் இவ்வகைப் பொறிகள் இல்லந்தோறும் நுழைந்தன. மாந்தர் எழுதி வைத்த அளவிறந்த எழுத்துகளைப் பயின்று, ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் பொருந்தும் எனக் கணித்துத் தொடுப்பதே இவற்றின் அடிப்படை இயக்கம். ஆதலின் மிகுதியாக எழுதப்பட்டது நன்கு பதியும். அரிதாக எழுதப்பட்டது மங்கும். பிழையைக் கூறும்போதும் மெய்யைக் கூறும் அதே தெளிந்த நடையில் கூறும்.

எண்ணிக்கையிற் சிறியோராகிய நமக்கு இதில் பெரிதும் கவலை உண்டு. நம் இல்லங்களில் வழங்கும் நோன்பு முறைகளும் சொற்களும் பல அச்சேறவே இல்லை. நம் பேரக்குழந்தை அவற்றைப் பொறியிடம் வினவினால், வேறு நாட்டார் வழக்கத்தையோ வேறு சமயத்தார் கருத்தையோ நம்முடையதாக அது உரைத்துவிடக்கூடும். ‘இது பிழை’ என்று உணரும் ஆற்றலை அக்குழந்தை எங்கிருந்து பெறும்?

இவ்விடத்தில் தரசேன ஆசாரியரின் வரலாற்றை நினைவு கொள்க. கிர்நார் மலையின் சந்திர குகையில் தவம் புரிந்த அவர், தம்மொடு ஆகம ஞானம் மறைந்துபோகுமே என்று கவன்றார். தென்னாட்டிலிருந்து முனிவர் இருவர் வந்தனர். அவர்களுக்கு உடனே உபதேசம் செய்தாரல்லர். ஒருவர்க்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவர்க்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் ஈந்து சாதிக்கச் செய்தார். தோன்றிய தேவதைகளுள் ஒருத்திக்குப் பற்கள் வெளியே நீண்டிருந்தன. மற்றொருத்திக்கு ஒரு கண் இல்லை. தெய்வ வடிவம் ஊனமுறாது என்று உணர்ந்த முனிவர் இருவரும், மந்திரத்தையே ஆராய்ந்து, எழுத்தைத் தாமே திருத்தி மீண்டும் ஓதினர். குறையற்ற வடிவங்கள் தோன்றின. அதன் பின்னரே ஆசாரியர் ஆகமத்தைக் கற்பித்தார். அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும் ஆவர். பூதபலி பின்னர் நம் திராவிட நாட்டிற்கு எழுந்தருளினார் என்பது மரபு. அவர்கள் இயற்றிய ஷட்கண்டாகமம் நிறைவுற்ற நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகின்றோம்.

ஆசாரியர் நினைவாற்றலைச் சோதித்தாரல்லர். குருவே கொடுத்ததாயினும் அதிற் பிழை கண்டு திருத்தும் தெளிவைச் சோதித்தார். அத்தெளிவு உள்ளவரிடத்தில் மட்டுமே ஆகமம் பிழைத்திருக்கும் என்று அவர் அறிவார்.

அண்மைக் காலத்துச் சான்றும் ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடுகள் அவர் கையில் இருந்தன. நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. எனினும் சமயச் செய்திகள் பல விளங்கவில்லை. கும்பகோணத்து ஜைன இல்லங்களுக்குச் சென்று வினவிய பின்னரே தெளிவு பிறந்தது. அங்கே அக்காவியம் வழிவழியாகப் படிக்கப்பட்டு வந்தது. எழுத்தை ஏடு காத்தது. பொருளை மக்கள் காத்தனர். அவர்கள் படிப்பதை ஒரு தலைமுறை கைவிட்டிருப்பின், ஏடு இருந்தும் ஐயம் தீர்ப்பார் இருந்திரார்.

நம் சங்கரன்கோவிலுக்கு அண்மையிலுள்ள கழுகுமலையிலும் இம்மரபின் தடத்தைக் காணலாம். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இன்ன ஆசிரியரின் மாணாக்கர் செய்வித்த திருமேனி என்று அவை கூறுகின்றன. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவற்றுள் குறிக்கப்பெறுகின்றனர். தம் பெயரோடு ஆசிரியரின் பெயரையும் கல்லிற் பொறித்தவர் நம் முன்னோர். ஞானம் ஓர் உயிரின் வாயிலாக மற்றோர் உயிரிடத்து விளங்கியது என்பதற்கு அஃது அடையாளம்.

‘விளங்கியது’ என்று கூறியதற்குக் காரணம் உண்டு. ஞானம் வெளியிலிருந்து ஊற்றப்படும் பொருளன்று. அஃது ஆன்மாவின் குணம். அதனை மறைப்பது ஞானாவரணீயக் கருமம். அத்திரையை அவரவர் முயற்சியே விலக்கும். ‘மாணவன் தானே செய்யாத கணக்கு அவனுடையதாகாது’ என்பது ஆசிரியப் பயிற்சியில் எம்மனோர் கற்ற முதற்பாடம். ஒரு பிள்ளை தான் சிந்திக்க வேண்டியதைப் பொறியிடம் எழுதி வாங்கினால், விடைத்தாள் நிறையும், திரை விலகாது. பொறி மனிதனைப்போல் ஆகிவிடுமோ என்பதினும், மனிதன் அறியும் முயற்சியைக் கைவிட்டுப் பொறியைப்போல் ஆகிவிடுவானோ என்பதே அஞ்சத்தக்கது.

ஆயினும் பொறியை வெறுத்து ஒதுக்குதல் நம் நெறியன்று. ஏடும் எழுத்தாணியும் அச்சும் கருவிகளே. சாஸ்திர தானத்தைப் பேரறமாகப் போற்றியவர்கள் நாம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் அம்மையார் பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். இன்று நம் நூல்களைப் பிழையறத் தட்டச்சிட்டு வைத்தலும், முதியோர் கூறும் நோன்பு முறைகளை அவர்தம் குரலிலேயே பதிந்து வைத்தலும் அவ்வறத்தின் வழிப்பட்டனவே.

ஆகவே, இல்லறத்தீர், வரும் சுருத பஞ்சமி முதல் மூன்று நியமங்களை மேற்கொள்வீராக. நாடோறும் நம் நூல்களில் ஒரு பக்கத்தைப் பிள்ளைகளோடு வாய்விட்டுப் படித்துப் பொருள் கூறுக. பொறி தரும் விடையை நூலோடும் மூத்தோர் சொல்லோடும் ஒப்பிட்டன்றி ஏற்காதிருக்கப் பழக்குக. பிள்ளை பிழை ஒன்றைக் கண்டு கூறினால், அது நம் பிழையே ஆயினும், மகிழ்ந்து பாராட்டுக.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளைப் பற்றி எப்பொறியும் அழகாக எழுதித் தரலாம். அவற்றை அணிதல் உயிர்க்கே இயலும்.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!